படகு எஞ்சினின் பிளாக் பழுதுற்றால்: சீர்செய்தலும் மாற்றுதலும்

கடலில் செல்லும் படகின் எஞ்சின் நின்றுவிட்டால், அப்படகு கரைக்குத் திரும்பும் ஆற்றலை இழந்துவிடுகிறது. சாலையில் ஓடும் லாரி பழுதுற்றால் அதனை ஓரமாக நிறுத்திவிட்டு உதவி தேடலாம். படகிலுள்ளோருக்கு அவ்வாய்ப்பு இல்லை. காற்றும் நீரோட்டமும் இழுக்கும் திசையில் அவர்கள் செல்ல நேரிடுகிறது. ஆகையால் படகு எஞ்சினில் ஏற்படும் பழுது, பொருள் இழப்போடு நில்லாது உயிருக்கும் ஊறு விளைவிக்கக்கூடும்.

இந்தியக் கடற்கரையில் எஞ்சின் பொருத்திய மீன்பிடி படகுகள் பெருமளவில் பரவியது நாடு விடுதலை பெற்ற பிறகேயாகும். 1952ஆம் ஆண்டு அக்டோபர் திங்களில் இந்தியாவும் நார்வேயும் ஐக்கிய நாடுகள் அமைப்பும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. அதன்படி, கொல்லத்தை அடுத்த நீண்டகரை, சக்திகுளங்கரை ஆகிய ஊர்களில் 1953 முதல் நடைபெற்ற பணிகளுள் படகுகளுக்கு டீசல் எஞ்சின் பொருத்துவதும் ஒன்றாகும். மீன்பிடித் தொழில்நுட்பத்தை ஆராய்வதற்கென 1957இல் கொச்சியில் மத்திய நிலையம் ஒன்று நிறுவப்பட்டது. மீன்பிடி கப்பல்களில் பணிபுரிவோர்க்குப் பயிற்சியளிக்க 1963இல் அந்நகரிலேயே மற்றொரு நிலையம் ஏற்பட்டது. எஞ்சினை ஓட்டுவதற்குக் கற்றோர் இன்று கடலோரமெங்கும் உள்ளனர். ஆயினும் எஞ்சினின் பிளாக்கில் விரிசல் கண்டால் செய்யவேண்டுவது யாது என்பதில் தடுமாற்றம் நேர்வது இயல்பு. உடனே பற்றவைத்துவிடலாம் என்பார் ஒருவர். புதியது வாங்குவதே நல்லது என்பார் மற்றொருவர். இவ்விரண்டும் ஆராய்ந்த பிறகு கூறப்பட வேண்டிய முடிவுகளாகும். விரிசல் எந்த இடத்தில் உள்ளது, எக்காரணத்தால் ஏற்பட்டது என்னும் இரு வினாக்களுக்கும் விடை கண்ட பின்னரே முடிவு செய்தல் வேண்டும்.

பிளாக்கின் அமைப்பு

எஞ்சினின் உடற்பகுதியே பிளாக் எனப்படும். பிஸ்டன்கள் மேலும் கீழும் ஓடும் சிலிண்டர்கள், அவற்றைச் சூழ்ந்து குளிர்நீர் ஓடும் நீருறை, மசகெண்ணெய் செல்லும் துளைகள், கிராங்க் தண்டைத் தாங்கும் முக்கிய பேரிங்குகளின் இருக்கைகள் ஆகிய யாவும் ஒரே வார்ப்பில் அமைந்துள்ளன. எரிபொருளிலிருந்து வெளிப்படும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வேலையாக மாறுகிறது. எஞ்சியதில் ஒரு பகுதி புகையுடன் வெளியேற, மற்றொரு பெரும் பகுதியைக் குளிர்நீர் ஏற்றுக்கொண்டு செல்கிறது. எனவே பிளாக்கின் உட்புறத்தில் தீயின் வெம்மையும், சில மில்லிமீட்டருக்கு அப்பால் நீரின் தண்மையும் ஒருங்கே நிலவுகின்றன.

பெரும்பாலான படகு டீசல் எஞ்சின்களின் பிளாக் சாம்பல்நிற வார்ப்பிரும்பால் ஆனது. இவ்விரும்பில் 2.5 முதல் 4 சதவிகிதம் வரை கரி கலந்துள்ளது. அக்கரியின் பெரும்பகுதி கிராபைட் என்னும் மெல்லிய செதில்களாக இரும்பினுள் பரவிக்கிடக்கின்றது. இச்செதில்கள் அதிர்வை அடக்குகின்றன, கடைசல் வேலையை எளிதாக்குகின்றன, உராய்வையும் குறைக்கின்றன. ஆனால் இழுவிசை ஏற்படும்போது, ஒவ்வொரு செதிலும் ஒரு நுண்ணிய விரிசல்போல் செயற்படுகின்றது. இதனால் வார்ப்பிரும்பு அழுத்தத்தைத் தாங்கும் அளவில் மூன்றில் அல்லது நான்கில் ஒரு பங்கு இழுவிசையையே தாங்கவல்லது. தேனிரும்பு வளைந்து கொடுக்கும். வார்ப்பிரும்பு வளையாது பிளந்துவிடும். பிளாக்கின் பழுதுகள் பலவற்றிற்கும் இவ்வியல்பே அடிப்படையாகும்.

விரிசல் ஏற்படும் காரணங்கள்

முதலாவது, மிகுவெப்பம். கடல்நீரை உள்ளிழுக்கும் துளையில் பாலிதீன் தாளோ பாசியோ கொட்டலசோ அடைத்துக்கொண்டால் நீரோட்டம் குன்றிவிடும். நீர்ப்பம்பின் ரப்பர் இதழ்கள் முறிந்தாலும் இதுவே நேரும். அப்போது பிளாக்கின் வெப்பநிலை விரைந்து ஏறுகிறது. அதனைக் கண்ட ஓட்டுநர் அச்சங்கொண்டு குளிர்ந்த நீரை உடனே ஊற்றுவாராயின், நீர் பட்ட பகுதி சட்டென்று சுருங்கும். அடுத்த பகுதி சுருங்காது நிற்கும். இவ்விரண்டிற்கும் இடையே எழும் இழுவிசை பிளாக்கைப் பிளந்துவிடுகிறது. வெப்பம் மிகுந்த எஞ்சினை நிறுத்தி, நங்கூரமிட்டு, அது தானாக ஆறும்வரை காத்திருத்தலே தக்கது. சூடு தணியுமுன் நீர்த்தொட்டியின் மூடியைத் திறத்தல் ஆகாது; கொதிநீர் பீறிட்டு முகத்தைச் சுட்டுவிடும்.

இரண்டாவது, கடல்நீரின் அரிப்பு. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. கடல்நீரையே நேராக நீருறைக்குள் செலுத்தும் எஞ்சின்களில் வெப்பநிலை 60 டிகிரி சென்டிகிரேடுக்கு மிகுந்தால் உப்பும் சுண்ணமும் சுவர்களில் படியத் தொடங்கும். படிவு வெப்பத்தைத் தடுக்கும். அதனால் மேலும் சூடேறும். அன்றியும், கடல்நீர் வார்ப்பிரும்பிலுள்ள இரும்பைக் கரைத்துக் கிராபைட்டை மட்டும் விட்டுவைக்கும். அவ்விடம் பார்வைக்கு முழுமையாகவே தோன்றும். பேனாக்கத்தியால் சுரண்டினால் பென்சில் கரிபோல் உதிரும். அப்படிப்பட்ட சுவரின் வலிமையை அதன் தோற்றத்தைக் கொண்டு மதிப்பிடலாகாது.

மூன்றாவது, உட்பாகங்கள் முறிதல். மசகெண்ணெய் வற்றியோ, போல்ட்டு தளர்ந்தோ இணைப்புத் தண்டு முறிந்துவிட்டால், சுழலும் கிராங்க் தண்டு அதனைப் பிளாக்கின் பக்கச்சுவரில் மோதவைத்துத் துளையிட்டுவிடும். புகைக்குழாய் வழியே கடல்நீர் சிலிண்டருக்குள் புகுவதும் இத்தகைய கேட்டை விளைவிக்கும். நீர் காற்றைப்போல் சுருங்குவதில்லை. ஆதலால் மேலெழும் பிஸ்டன் நீரில் முட்டி நிற்க, இணைப்புத் தண்டு வளைகிறது அல்லது முறிகிறது.

நான்காவது, நீர் உறைதல். இது தென்கடற்கரைக்குப் பொருந்தாது. காஷ்மீரத்தின் ஏரிகளிலும் இமயத்தின் உயர்ந்த நீர்த்தேக்கங்களிலும் பணிபுரிவோர் இதனை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். நீர் பனிக்கட்டியாகும்போது அதன் பருமன் ஏறத்தாழ 9 சதவிகிதம் மிகுகிறது. நீருறையில் தங்கிய நீர் ஓரிரவில் உறைந்தால் பிளாக்கின் சுவர் பிளந்துவிடும். பிளாக்கின் பக்கத்திற் காணப்படும் வட்டமான தகட்டு மூடிகள் இவ்வாபத்தைத் தடுப்பதற்காக அமைந்தவை என்று பலர் கருதுவர். வார்க்கும்போது உள்ளே வைத்த மணற்கருவை வெளியே எடுப்பதற்கான துளைகளை அடைப்பனவே அவை. அவற்றை நம்பியிராமல், குளிர்காலத்திற்கு முன் நீரை முற்றிலும் வடித்துவிடுதல் வேண்டும்; அல்லது மூடிய நீரோட்டமுடைய எஞ்சினில் உறைவைத் தடுக்கும் கிளைக்கால் கலவையை நிரப்புதல் வேண்டும்.

விரிசலைக் கண்டறிதல்

மசகெண்ணெய் பால்போல் வெளுத்திருத்தல், நீர்த்தொட்டியில் இடைவிடாது குமிழிகள் எழுதல், கசிவு வெளியே தெரியாமலேயே நீர் குறைந்துவருதல் ஆகியவை ஐயத்திற்குரிய அடையாளங்கள். ஆயினும் இவற்றைக் கண்டதுமே பிளாக் வெடித்துவிட்டது என்று முடிவு செய்தல் பிழையாகும். சிலிண்டர் தலையின் காஸ்கெட் எரிந்திருந்தாலும், எண்ணெய்க் குளிர்விப்பான் ஓட்டையுற்றிருந்தாலும், லைனரின் அடியிலுள்ள ரப்பர் வளையங்கள் நைந்திருந்தாலும் இதே அடையாளங்கள் தோன்றும். எளிதானவற்றை முதலிலும் பிளாக்கை இறுதியிலும் சோதிப்பதே முறை. இவ்வொழுங்கைப் பின்பற்றாமையால், சில நூறு ரூபாயில் தீரக்கூடிய பழுதிற்காக ஒரு நல்ல பிளாக் பழைய இரும்பாகக் கழிக்கப்படும் நிலை நேரலாம்.

பிளாக்கைச் சோதிக்க இரு முறைகள் உள்ளன. முதலாவது, நீரழுத்தச் சோதனை. நீருறையின் வாய்களை ரப்பர் தாளும் இரும்புத் தகடும் வைத்து அடைத்து, உள்ளே வெந்நீரை நிரப்பி, கைப்பம்பினால் அழுத்தம் ஏற்ற வேண்டும். உற்பத்தியாளர் கூறும் அழுத்தமே அளவாகும். கையேடு கிடைக்காவிடில் சதுர சென்டிமீட்டருக்கு 2 முதல் 3 கிலோகிராம் வரை ஏற்றி, அரைமணி நேரம் வைத்திருக்கலாம். குளிர்ந்த நிலையில் மூடியிருக்கும் விரிசல் வெந்நீரில் திறந்துகொள்ளும். நீருக்குப் பதிலாகக் காற்றை மட்டும் அழுத்தி ஏற்றுதல் அபாயமானது. அடைப்பு நழுவினால் தகடு குண்டுபோல் பாயும்.

இரண்டாவது, மண்ணெண்ணெய்ச் சோதனை. ஐயமுள்ள இடத்தைத் துப்புரவாக்கி, மண்ணெண்ணெய் தடவிச் சிறிது நேரம் ஊறவிட்டு, பின்னர் உலரத் துடைக்க வேண்டும். அதன்மீது சுண்ணக்கட்டித் தூளைச் சாராயத்தில் குழைத்து மெல்லியதாகப் பூசினால், விரிசலுள் புகுந்திருந்த எண்ணெய் வெளிவந்து, வெண்மையின்மேல் கருங்கோடாகத் தெரியும். பெரிய பட்டறைகளில் இதற்கெனச் சாயத் திரவங்களும், காந்தத் தூள் முறையும் கையாளப்படுகின்றன. மூன்றின் நோக்கமும் ஒன்றே: விரிசல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை ஐயமின்றி அறிதல்.

இடத்தைக் கொண்டு முடிவு செய்தல்

பிளாக்கை மூன்று பகுதிகளாகப் பிரித்து நோக்கலாம்.

1. நீருறையின் வெளிச்சுவர். இங்கு அழுத்தமும் வெப்பமும் குறைவு. இச்சுவரின் விரிசலைப் பெரும்பாலும் சீர்செய்துவிடலாம். ஆனால் சுவர் அரிப்பினால் மெலிந்திருப்பின், ஒட்டு பற்றிக்கொள்ள நல்ல இரும்பு இராது.

2. சிலிண்டர்ச் சுவர். கழற்றத்தக்க லைனர் உடைய எஞ்சினில் லைனரை மாற்றினாற் போதும். லைனர் இல்லாத பிளாக்கில், சிலிண்டரை அகலமாகக் கடைந்து புதிய உறையொன்றை இறுக்கமாகச் செருகலாம். இவ்வேலைக்குச் சிறந்த கடைசற்பட்டறையும் நுண்ணளவைக் கருவிகளும் வேண்டும்.

3. விசையைத் தாங்கும் பகுதிகள். முக்கிய பேரிங்குகளின் இருக்கைகள், அவற்றைச் சுவருடன் இணைக்கும் குறுக்குச் சட்டங்கள் ஆகியன இதில் அடங்கும். ஒவ்வொரு முறை எரிபொருள் வெடிக்கும்போதும் விசை இவற்றின் வழியே பாய்கிறது. இங்கு விரிசல் கண்டால் பிளாக்கை மாற்றுவதே முறை. இங்கிடும் ஒட்டு துறைமுகத்தில் நன்றாகவே ஓடும். சுமையேறிய வலையுடன் ஆழ்கடலில் இருக்கும்போது விட்டுவிடும். சிலிண்டர் தலையை இறுக்கும் போல்ட்டின் மரை மட்டும் சிதைந்திருப்பின் புதிய மரைக்குழல் செருகலாம். மரையைச் சுற்றிய இரும்பே பிளந்திருப்பின் அது மூன்றாம் பகுதியைச் சேர்ந்ததாகவே கருதப்படும்.

வெளிப்பார்வைக்குக் கொடியதாகத் தோன்றும் பழுதும், தக்க இடத்தில் இருப்பின் சீர்செய்யத்தக்கது என்பதற்கு வரலாற்றில் ஒரு சான்று உண்டு. முதல் உலகப்போரின்போது அமெரிக்கத் துறைமுகங்களில் ஒதுங்கியிருந்த ஜெர்மானியப் பயணிக் கப்பல்கள் பலவற்றில், 1917ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவற்றின் மாலுமிகளே நீராவி எஞ்சின்களின் வார்ப்பிரும்புச் சிலிண்டர்களை உடைத்துவிட்டனர். புதிய சிலிண்டர்களை வார்த்து முடிக்க ஓராண்டிற்கு மேல் ஆகும் என்று முதலில் கருதப்பட்டது. ஆனால் அமெரிக்கக் கடற்படையினர் உடைந்த பகுதிகளை மின்சாரப் பற்றவைப்பினாலும் திருகுகள் பொருத்திய ஒட்டுகளாலும் சீர்செய்தனர். அவ்வாண்டு முடிவதற்குள் அக்கப்பல்கள் படைகளை ஏற்றிக்கொண்டு பிரான்சு நோக்கிச் சென்றன. இவ்வெற்றிக்குக் காரணம் துணிச்சல் மட்டுமன்று. ஒவ்வோர் உடைப்பையும் தனித்தனியே ஆராய்ந்து அதற்கேற்ற முறையைத் தேர்ந்தமையேயாகும்.

சீர்செய்யும் முறைகள்

எம்முறையைக் கையாண்டாலும் முதற்படி ஒன்றே. விரிசலின் இரு முனைகளுக்கும் சற்று அப்பால் 3 முதல் 6 மில்லிமீட்டர் அகலமுள்ள துளையிட வேண்டும். கூரிய முனையில் குவியும் விசை, வட்டத்துளையில் பரவிவிடுவதால் விரிசல் மேலும் நீளாது.

உலோகத் தையல்: விரிசலின் குறுக்கே வலிய உலோகப் பூட்டுத்துண்டுகளைப் பதித்து, விரிசல் நெடுகிலும் ஒன்றையொன்று சிறிது கவ்வுமாறு திருகுகளை வரிசையாக முடுக்கி, தலைகளை வெட்டித் தட்டிச் சமன்செய்வது இம்முறை. இது 1930களில், தீப்பொறி கூடாத அமெரிக்க எண்ணெய் வயல்களில் வளர்ச்சியுற்றது. வெப்பமே படாததால் பிளாக் கோணலாவதில்லை. பல சமயங்களில் எஞ்சினைப் படகிலிருந்து இறக்காமலேயே செய்யலாம்.

திருகிய ஒட்டு: வெளிச்சுவரில் துளை விழுந்திருப்பின், அதனை மூடும் இரும்புத் தகட்டைக் காஸ்கெட்டுடன் வைத்து, நெருங்கிய திருகுகளால் இறுக்கலாம். இது எளிது, சிறு பட்டறையிலும் இயலும்.

பற்றவைப்பு: இதுவே பலரும் முதலில் நாடுவது, கவனக்குறைவாகச் செய்தால் மிகுந்த கேட்டை விளைவிப்பதும் இதுவே. கரி மிகுந்த இரும்பு உருகி விரைவில் ஆறும்போது கண்ணாடிபோல் கடினமாகி, பற்றின் ஓரத்திலேயே மீண்டும் பிளக்கும். இதனைத் தவிர்க்க இரு வழிகள் உள்ளன. பிளாக் முழுவதையும் உலையில் மெல்ல 500 முதல் 650 டிகிரி வரை சூடேற்றி, வார்ப்பிரும்புக் கம்பியாற் பற்றவைத்து, உலர்ந்த மணலில் அல்லது சாம்பலில் புதைத்து மெல்ல ஆறவிடுதல் ஒன்று. நிக்கல் மின்முனைகொண்டு 25 மில்லிமீட்டருக்கு மிகாத சிறு சிறு பற்றுகளாக இட்டு, ஒவ்வொன்றையும் சூடாயிருக்கும்போதே சுத்தியால் மெல்லத் தட்டி, கைபொறுக்கும் சூடு வந்தபின் அடுத்ததை இடுதல் மற்றொன்று. இரும்பின் நுண்துளைகளில் ஊறிய எண்ணெயையும் உப்பையும் முன்னரே அகற்றாவிடில் இரண்டுமே பயன்தரா.

பித்தளை ஒட்டு இரும்பை உருக்காமலேயே இணைப்பதால் விரிசலுக்கு நல்லது என்பர். ஆனால் கடல்நீர் படும் இடத்தில் பித்தளையும் இரும்பும் சேர்ந்தால் மின்கலம்போற் செயற்பட்டு, அருகிலுள்ள இரும்பு அரிக்கப்படும். ஆதலால் கடல்நீர் நேராக ஓடும் நீருறையில் இதனைத் தவிர்த்தல் வேண்டும். எபாக்சிப் பசை, கரைக்குத் திரும்புவதற்கான தற்காலிக உதவியேயன்றி முடிவான பழுதுபார்ப்பு அன்று.

வேலை முடிந்ததும் நீரழுத்தச் சோதனையை மீண்டும் நடத்துதல் வேண்டும். பிளாக்கின் மேற்பரப்பு சமமாக உள்ளதா என்பதை நேர்விளிம்புச் சட்டமும் இடைவெளி அளவுத் தகடும் கொண்டு பார்த்தல் வேண்டும். சூடேற்றிய பிளாக்கில் முக்கிய பேரிங்குகள் ஒரே நேர்கோட்டில் உள்ளனவா என்பதையும் அளந்து அறிதல் இன்றியமையாதது.

பிளாக்கை மாற்றுதல்

மாற்றுவதென்று முடிவு செய்தபின், பழைய எஞ்சினின் மாதிரி எண்ணையும் வரிசை எண்ணையும் குறித்துக்கொள்ளுதல் வேண்டும். பேரிங் மூடிகள் அந்தந்த பிளாக்குடன் சேர்த்துக் கடையப்பட்டவை. ஒன்றின் மூடியை மற்றொன்றிற்கு இடுதல் ஆகாது. புதிய பிளாக்கின் எண்ணெய்த் துளைகளில் கடைசல் துகள் தங்கியிருக்கக்கூடும். அவற்றைத் தூரிகையாலும் எண்ணெயாலும் கழுவிய பிறகே கிராங்க் தண்டை அமர்த்த வேண்டும். பழைய எஞ்சினில் எண்ணெயுடன் நீர் கலந்திருந்தால், எண்ணெய்க் குளிர்விப்பானையும் குழாய்களையும் கழுவாமல் பொருத்தலாகாது.

எஞ்சினைப் படகில் ஏற்றியபின் சுழல்விசிறித் தண்டுடன் நேர்ப்படுத்துதல் மிக முக்கியமானது. மரப்படகு கரையில் இருக்கும்போது ஒரு வடிவும், நீரில் மிதக்கும்போது சற்று வேறு வடிவும் கொள்ளும். ஆதலால் இறுதி நேர்ப்படுத்தலைப் படகு மிதக்கும் நிலையிலேயே செய்தல் வேண்டும். இணைப்புத் தட்டுகளின் முகங்களுக்கு இடையேயுள்ள இடைவெளியை மேல், கீழ், இடம், வலம் ஆகிய நான்கு பக்கங்களிலும் அளக்க வேண்டும். 100 மில்லிமீட்டர் அகலமுள்ள தட்டில் வேறுபாடு 0.1 மில்லிமீட்டருக்கு மிகாதிருத்தல் நன்று. படகின் பதிவுச் சான்றில் எஞ்சின் எண் குறிக்கப்பட்டிருந்து, அது மாறியிருப்பின், மீன்வளத் துறை அலுவலகத்திற்குத் தெரிவித்துத் திருத்தம் பெறுதல் வேண்டும்.

இத்தனையும் செய்த பின்னரும் ஒரு வினா எஞ்சும்: பழைய பிளாக் ஏன் வெடித்தது? எடுத்துக்காட்டாக, முறிந்த பம்பு இதழின் ரப்பர்த் துண்டு குழாய் வளைவில் சிக்கியிருப்பதாகக் கொள்வோம். பிளாக்கைப் பற்றவைத்தவர் பம்பின் இதழை மாற்றினார். சிக்கிய துண்டைத் தேடவில்லை. நீரோட்டம் குறைவாகவே இருக்கும். பற்றவைத்த பிளாக்கானாலும் புதிய பிளாக்கானாலும் அடுத்த பருவத்திலேயே மீண்டும் சூடேறிப் பிளக்கும். காரணத்தை நீக்காத பழுதுபார்ப்பு, செலவை இருமடங்காக்குவதன்றி வேறு பயனளிப்பதில்லை.

வகுப்பறையிற் செய்து காட்டத்தக்கவை

ஆசிரியர்கள் பின்வரும் எளிய சோதனைகளால் இப்பாடத்தை விளக்கலாம். 

1. சுண்ணக்கட்டியை மேசைமேல் நிறுத்தி விரலால் அழுத்தினால் அது தாங்கும். இரு முனைகளையும் பிடித்து வளைத்தால் உடனே முறியும். வார்ப்பிரும்பின் இயல்பும் இதுவே. 

2. நிறுத்துதுளையின் பயனைத் தாளொன்றால் காட்டலாம். ஒரே அளவுள்ள இரு தாள்களின் ஓரத்தில் சிறு கிழிசல் இட்டு, ஒன்றில் மட்டும் கிழிசலின் முனையில் வட்டத்துளை குத்தி, இரண்டையும் மெல்ல இழுத்துப் பார்த்தால் துளையுள்ள தாள் மிகுந்த இழுப்பைத் தாங்குவது புலனாகும். 

3. கீறலுற்ற பீங்கான் தட்டொன்றில் எண்ணெய் தடவித் துடைத்துச் சுண்ணத்தூள் தூவினால், கண்ணுக்குப் புலப்படாத கீறலும் கோடாகத் தெரியும்.

களப்பணியாளர் கவனத்திற்கு

மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையிலும், கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலும் எஞ்சின் படகுகள் கடலுக்குச் செல்வதற்குத் தடை நிலவுகிறது. இந்த 61 நாட்களே எஞ்சினைத் திறந்து பார்ப்பதற்கு உகந்த காலம். நீருறையைக் கழுவுதல், துத்தநாகத் துண்டுகளை மாற்றுதல், பம்பின் இதழ்களை எண்ணிப் பார்த்தல், உள்ளிழுக்கும் துளையைச் சுரண்டுதல் ஆகியவற்றைப் படகுடைமையாளர்கள் அப்போதே முடிக்குமாறு களப்பணியாளர் வலியுறுத்தலாம். சில நாள் உழைப்பில் முடியும் இவ்வேலைகளைப் புறக்கணித்தால், பிளாக்கின் விலையையும், பருவத்தின் நடுவில் இழக்கும் பல வாரத் தொழிலையும் ஈடாகக் கொடுக்க நேரிடும். படகிற் செல்லும் தொழிலாளரின் பாதுகாப்போ விலைமதிப்பிற்கு அப்பாற்பட்டது.

பயிற்சி வினாக்கள்

1. வார்ப்பிரும்பு இழுவிசையைத் தாங்காமைக்குக் காரணம் யாது?
2. மசகெண்ணெய் வெளுத்திருப்பதைக் கண்டால் எவ்வொழுங்கிற் சோதித்தல் வேண்டும்?
3. முக்கிய பேரிங்கின் இருக்கையில் விரிசல் கண்ட பிளாக்கைப் பற்றவைக்கலாகாது என்பது ஏன்?
4. கடல்நீர் ஓடும் நீருறையில் பித்தளை ஒட்டைத் தவிர்ப்பது எதற்காக?
5. எஞ்சினின் இறுதி நேர்ப்படுத்தலைப் படகு மிதக்கும்போது செய்வதன் காரணத்தை விளக்குக.